என் நகங்கள் கற்றுத்தந்த பாடம்

"ரீச்சர், உங்கட நகத்துக்கு என்ன நடந்தது?"

தரம் ஏழு வகுப்பில் பின்னக் கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முன் வாங்கில் இருந்த சிறுமிதான் கேட்டாள். கேட்டதில் குறும்பு எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. வெண்கட்டி பிடித்திருந்த கையை நான் சட்டென்று சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். என் வலது கைப் பெருவிரல் நகம் பாதிக்கு மேல் பச்சை நிறமாக மாறியிருந்தது. மற்ற நகங்கள் வெள்ளைத் திட்டுகளோடு கடதாசி போல மெலிந்து, ஓரங்களில் கிழிந்திருந்தன. "ஒன்றுமில்லை பிள்ளை, கணக்கைப் பார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஆனால் அன்று பாடம் முடியும்வரை என் மனம் பின்னங்களில் நிற்கவில்லை.

இந்தக் கதை 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் தொடங்கியது. என் அக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம். பொன்னுருக்கலுக்கு முதல்நாள் மாலை அக்கா வீட்டில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தோம். அக்காவின் இளைய மகள் அழகுக்கலை படித்து, வீட்டின் முன் அறையையே சிறிய நிலையமாக்கி நடத்தி வருகிறாள். அவள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, இந்தக் கையோடயோ சபையில நிக்கப்போறியள்? ஜெல் போட்டுவிடுறன், இருங்கோ" என்றாள்.

எங்கள் காலத்தில் கியூட்டெக்ஸ் என்றுதான் சொல்வோம். அது ஒரு கம்பனியின் பெயர் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. சின்னப் போத்தல், சின்னத் தூரிகை. பூசிவிட்டு விரல்களை விரித்து ஊதிக்கொண்டிருப்போம். மூன்றாம் நாள் கோப்பை கழுவும்போது உரியத் தொடங்கிவிடும். இந்த ஜெல் வேறு விதமானது. முதலில் நகத்தின் மினுக்கத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து எடுத்தாள். அடிப்பூச்சு ஒன்று, நிறம் இரண்டு தடவை, மேற்பூச்சு ஒன்று. ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு கையை ஒரு சின்ன விளக்குப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று மணி அடித்தது. வெளியே எடுத்தபோது பூச்சு கண்ணாடி போல இறுகியிருந்தது. மங்கிய றோசா நிறம். என் ஐம்பது வயதுக் கைகள் எனக்கே புதிதாகத் தெரிந்தன.

புறப்படும்போது அவள் ஒன்று சொன்னாள். "கழட்ட வேணுமெண்டால் என்னட்ட வாங்கோ சின்னம்மா. நீங்களா உரிக்கக்கூடாது." நான் "ஓமோம்" என்றேன். சொன்னது காதில் விழுந்தது, மனதில் பதியவில்லை.

கலியாணம் முடிந்து இரண்டு கிழமை பூச்சு அசையவில்லை. வெண்கட்டித் தூள், சமையல், உடுப்புத் தோய்ப்பு எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது. மூன்றாவது கிழமையில் அடிப்பக்கம் நகம் வளர்ந்து வெளுப்பாகத் தெரிந்தது. ஒரு நாள் தேங்காய் திருவும்போது சுட்டுவிரல் பூச்சின் ஓரம் கிளம்பியது. இரவு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே அந்த ஓரத்தை மற்ற நகத்தால் நெம்பினேன். ஒரே இழுப்பில் முழுப் பூச்சும் கழன்று வந்தது. அதில் ஒரு திருப்தி இருந்ததை மறைக்கமாட்டேன். வெங்காயச் சருகு உரிப்பது போலத்தான் இருந்தது. இரண்டு இரவுகளில் பத்து விரலையும் உரித்து முடித்துவிட்டேன்.

உரித்த துண்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். அதன் அடியில் என் நகத்தின் ஒரு படையும் சேர்ந்து ஒட்டியிருந்தது.

மறுநாள் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தபோது விரல் நுனிகள் எரிந்தன. பழப்புளி கரைக்க முடியவில்லை. வெந்நீர் பட்டால் கூசியது. சேலையில் ஊசி குத்தப் போனால் நகம் மடங்கியது. இந்தக் கோலத்தை மறைப்பதற்காக ஐப்பசியில் மறுபடியும் அக்கா வீட்டுக்குப் போனேன். "கொஞ்ச நாள் விடுங்கோ சின்னம்மா, நகம் மெலிஞ்சு போச்சு" என்றாள் பெறாமகள். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா வருகிறது என்று நான்தான் வற்புறுத்திப் போடுவித்தேன். விளக்குக்குள் கை வைத்ததும் நகம் சுட்டது. முதல் தடவை அப்படிச் சுடவில்லை.

அந்தப் பூச்சு பத்து நாள்கூட நிற்கவில்லை. பெருவிரலில் ஓரம் கிளம்பி உள்ளே தண்ணீர் போனது. கார்த்திகை மழை, ஈரம், கோப்பை கழுவுதல். கிளம்பிய இடத்தை "அமத்திவிட்டால் ஒட்டிவிடும்" என்று அமத்திக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் பூச்சு முழுதாகக் கழன்றபோது அடியில் பச்சை நிறம் தெரிந்தது. சிறுமி கேட்டது அந்த நகத்தைப் பார்த்துத்தான்.

அன்று பின்னேரம் நேரே அக்கா வீட்டுக்குப் போய், வாடிக்கையாளர் இருவர் முன்னிலையிலேயே, "என்ன சாமானடி பூசினனீ? என்ர கையை அழுக வைச்சிட்டாய்" என்று சத்தமிட்டேன். பெறாமகள் ஒரு சொல்லும் பேசவில்லை. கண் கலங்க நின்றாள். அவள் கையுறையைக் கழற்றாமல் நின்றதை நான் பார்த்தேன், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

அடுத்த நாள் சரும வைத்தியரிடம் போனேன். பொறுமையான பெண்மணி. என் விரல்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "ரீச்சர், இது அழுகல் இல்லை" என்றார். நகம் தசையை விட்டுக் கிளம்பும்போது இடையில் ஒரு பொந்து உண்டாகிறது. அதில் ஈரம் நின்றால் சூடோமோனாஸ் என்ற பக்ரீரியா வளர்கிறது. அது சுரக்கும் நிறப்பொருள்தான் அந்தப் பச்சை. கிளம்பிய பகுதியை வெட்டி எடுத்து, சொட்டு மருந்து எழுதித் தந்து, விரலை உலர்வாக வைத்திருக்கச் சொன்னார். பச்சை நகத்தைப் பூச்சால் மூடி மறைப்பதுதான் எல்லாவற்றிலும் கூடாதது என்றும் சொன்னார்.

"டொக்டர், நகத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை, அதுதானே காரணம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நகம் மூச்சு விடுவதில்லை. நாம் காணும் நகத்தட்டு கெரற்றின் என்ற புரதத்தாலான உயிரற்ற பொருள். அது பிறப்பது நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியில். அதற்கு உணவும் ஒட்சிசனும் இரத்தத்தில் இருந்தே கிடைக்கின்றன. நகத்தட்டின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அந்த அரை மில்லிமீற்றரில் ஒரு பகுதியைத்தான் நான் இரண்டு இரவுகளில் உரித்தெடுத்தேன். உயிரற்ற பொருள் என்பதால் அதற்குக் காயம் ஆறுவது போல ஆறத் தெரியாது. அடியில் இருந்து புது நகம் வளர்ந்து வந்து பழையதைத் தள்ளிவிட வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீற்றர் வளரும். முழு நகமும் மாறச் சுமார் ஆறு மாதம். கால்விரலில் என்றால் ஒரு வருடத்துக்கு மேல்.

"அப்படியென்றால் ஜெல்தான் கெடுத்தது என்று சொல்லலாமோ?" என்று விடாமல் கேட்டேன்.

"ஜெல்லை விட நீங்கள் அதைக் கழற்றிய விதம்தான் கெடுத்தது" என்றார் அவர்.

வெட்கமாக இருந்தது. பிழையைச் செய்தது நான், ஏச்சு வாங்கியது பெறாமகள். மன்னிப்புக் கேட்கலாம் என்று அன்று மாலையே போனேன். நிலையத்தில் ஒருவரும் இல்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு கிறீமைப் பூசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தாள். பள்ளிக்கூடத்தில் நான் மறைத்த அதே மாதிரி.

பிடித்து இழுத்துப் பார்த்தேன். வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் வெடித்துச் செதில் கழன்று, சிவந்து இருந்தன. நான்கு மாதமாகக் கடி, எரிவு என்றாள். சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மூன்று வகை மாற்றிப் பார்த்தாளாம். சில நாள்களில் கண் இமையும் வீங்குகிறதாம். "ஆக்களுக்குத் தெரிஞ்சால் ஒருத்தரும் வரமாட்டினம் சின்னம்மா. விளக்குக்கும் சாமானுக்கும் எடுத்த கடன் இன்னும் இருக்கு" என்று அழுதாள். நான் சத்தம் போட்ட அன்றும் அந்தக் கையோடுதான் நின்றிருக்கிறாள்.

அவளையும் அதே வைத்தியரிடம் கூட்டிச்சென்றேன். அவர் ஒரு பார்வையிலேயே சந்தேகப்பட்டுக் கொழும்பில் ஒட்டுச் சோதனைக்கு எழுதித் தந்தார். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் வைத்து, பிறகு தோலைப் பார்க்கும் சோதனை அது. 2024 மாசியில் செய்தோம். முடிவு வந்தது: அக்ரிலேற்று ஒவ்வாமை. ஜெல்லின் அடிப்படைப் பொருளே அதுதான்.

வைத்தியர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். ஜெல் காய்வதில்லை, இறுகுகிறது. போத்தலில் இருப்பவை சின்னச் சின்ன மூலக்கூறுகள். விளக்கின் புற ஊதாக் கதிர் பட்டதும் அவை ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகிக் கெட்டியாகின்றன. அப்படி முழுவதும் இறுகிவிட்டால் பெரிய ஆபத்து இல்லை. இறுகாத ஜெல் தோலில் பட்டால்தான் சிக்கல். பூச்சு தடிப்பாக இருந்தாலோ, விளக்கு அந்த ஜெல்லுக்குப் பொருத்தமற்றதாக இருந்தாலோ, நேரம் போதாவிட்டாலோ மேலே கெட்டியாகி உள்ளே இறுகாமல் கிடக்கும். தோலில் மீண்டும் மீண்டும் படும்போது உடல் ஒரு நாள் அதை எதிரியாகப் பதிவு செய்துவிடும். பிறகு துளி பட்டாலும் போதும். அந்தப் பதிவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழியாது.

"நகத்தோடு முடிகிற விஷயம் இல்லை இது" என்றார் வைத்தியர். பல்லுக்கு நிரப்பும் வெள்ளைப் பொருளிலும், முழங்கால் இடுப்பு மூட்டுகள் மாற்றும்போது பயன்படும் எலும்புச் சீமெந்திலும், நீரிழிவுக்காரர் உடலில் ஒட்டும் சில கருவிகளின் பசையிலும் இதே குடும்பப் பொருள்கள் இருக்கின்றன. ஆகவே இனி எந்த வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் இந்த ஒவ்வாமையைச் சொல்லவேண்டும். இருபத்தாறு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. பிரித்தானிய சரும வைத்தியர் சங்கம் 2018ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. வீட்டில் தாமே பூசிக்கொள்ளும் பெட்டிகள் குறித்து விசேடமாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் எச்.ஈ.எம்.ஏ. என்ற பொருள் கொண்ட நகப் பூச்சுகளைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி செய்து, 2021 முதல் நடைமுறைப்படுத்தியது. ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கும் ரி.பி.ஓ. என்ற இன்னொரு பொருளை 2025 புரட்டாதி முதலாம் திகதியிலிருந்து அழகுசாதனங்களில் அடியோடு தடைசெய்தது. இணையத்தில் மலிவாக வரும் பெட்டியை வாங்கும் சகோதரிகள் இவற்றை மனதில் வைக்க வேண்டும். "எச்.ஈ.எம்.ஏ. இல்லை" என்று போத்தலில் எழுதியிருந்தாலும் அதே குடும்பத்தின் வேறு பொருள் இருக்கக்கூடும்.

பெறாமகள் இரண்டு கிழமை நிலையத்தைப் பூட்டி வைத்திருந்தாள். பிறகு ஜெல் வேலையை விட்டுவிட்டாள். விளக்கை வாங்கிய விலையின் பாதிக்கு விற்றாள். ஜெல்லுக்காக வந்தவர்களில் சிலர் வேறிடம் போய்விட்டார்கள். மணப்பெண் அலங்காரம், சேலை கட்டிவிடுதல், தலை அலங்காரம், சாதாரண நகப்பூச்சு என்று தொடர்கிறாள். கடன் இன்னும் முடியவில்லை, ஆனால் விரல்கள் ஆறிவிட்டன. அவள் தானாகவே ஒரு காரியம் செய்தாள். ஜெல் போட விரும்புவோர் அறிய வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். வேறிடத்தில் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கும் அதைக் காட்டுகிறாள். அந்தத் தாளையும் வைத்தியர் சொன்னவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

போடுவதற்கு முன்: நகம் பிளந்து, மெலிந்து, கிளம்பி இருந்தாலோ, நகச்சுற்று இருந்தாலோ, பங்கசு பிடித்திருந்தாலோ ஜெல் வேண்டாம். முதலில் அது சுகமாகட்டும். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டவிடாதீர்கள். அதுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கும் கதவு. ஊறவைத்து லேசாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும். மின்னில் சுழலும் அரத்தால் நகத்தை ஆழமாகத் தேய்க்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மினுக்கம் போனால் போதும். போடப்போவது அசிற்றோனில் கரையும் வகையா என்று முதலே கேளுங்கள். சில கடின ஜெல் கரையாது. அரத்தால்தான் தேய்த்து எடுக்க வேண்டும், அதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும்.

போடும்போது: பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தோலில் படாமல், ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப் பூச வேண்டும். தோலில் பட்டுவிட்டால் விளக்குக்குள் வைக்க முதலே துடைத்துவிட வேண்டும். ஜெல்லும் விளக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவையாக இருக்க வேண்டும், சொன்ன நேரம் முழுவதும் வைக்க வேண்டும். சுட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் கையை வெளியே எடுங்கள். ஜெல் இறுகும்போது சூடு உண்டாகும். மெலிந்த நகம் அதைக் கூடுதலாக உணரும். என் நகம் அன்று சுட்டதன் காரணம் அதுதான்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2023 தை மாதத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த விளக்கின் கதிர் இருபது நிமிடம் பட்டதும் ஆய்வுகூடத் தட்டில் இருந்த கலங்களில் 20 முதல் 30 சதவீதமானவை இறந்தன. தட்டில் கண்டதை அப்படியே மனிதக் கைக்குப் பொருத்திவிட முடியாது. இதனால் புற்றுநோய் வரும் என்று அது நிரூபிக்கவும் இல்லை. ஆனாலும் முற்காப்பு சுலபமானது. எஸ்.பி.எவ். 30 அல்லது அதற்கு மேலான சூரியக்கதிர்த் தடுப்புக் கிறீமைக் கையில் பூசிக்கொள்ளலாம். அல்லது விரல் நுனி வெட்டிய கறுப்புக் கையுறை போடலாம். அமெரிக்க சரும வைத்தியர் சங்கமும் இதையே சொல்கிறது.

போட்டிருக்கும் காலத்தில்: நகத்தை ஆயுதமாக்காதீர்கள். பேணி திறக்கவும், ஒட்டுத்தாள் உரிக்கவும், நண்டு உடைக்கவும் நகம் வேண்டாம். நகத்தைக் கட்டையாக வைத்தால் கிளம்புவது குறையும். கோப்பை கழுவவும் உடுப்புத் தோய்க்கவும் றப்பர் கையுறை போடுங்கள். இரவில் நகத்தைச் சுற்றி ஒரு துளி தேங்காய் எண்ணெய் தேயுங்கள். எண்ணெய் நகத்தைத் தடிப்பாக்காது, வரண்டு பிளக்காமல் காக்கும். ஓரம் கிளம்பினால் அமத்தி ஒட்டப் பார்க்காதீர்கள். அந்த நகத்தை முறையாகக் கழற்றிவிடுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

கழற்றும்போது: இதுதான் முக்கியம். முதலில் மேற்பூச்சின் மினுக்கத்தை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் எண்ணெய் பூச வேண்டும். சிறு பஞ்சுத் துண்டை அசிற்றோனில் நனைத்து நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் விரல் நுனியைச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பூச்சு நொய்ந்து சுருங்கிக் கிளம்பும். மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் வந்துவிடும். வராத இடத்தைச் சுரண்டாமல் மறுபடியும் பஞ்சு வைத்துக் காத்திருக்க வேண்டும். கத்தியோ பிளேடோ கிட்ட வரக்கூடாது. பிறகு சவர்க்காரத்தால் கழுவி எண்ணெய் பூசுங்கள். அசிற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் குசினியிலும் சாமி விளக்கு எரியும் அறையிலும் இதைச் செய்யாதீர்கள். யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

இடைவெளி: கழற்றிய உடனே அடுத்ததைப் போடாதீர்கள். நகம் மூச்சுவிடுவதற்காக இல்லை. உலர்ந்த நகம் தேறுவதற்கும், அதன் நிலையை நாம் கண்ணால் பார்ப்பதற்கும். நகம் உடலின் ஒரு கண்ணாடி. இரும்புச் சத்துக் குறைந்தால் நகம் வெளிறிக் கரண்டி போலக் குழியலாம். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலும் கறுப்புக் கோடு ஆபத்தான நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எப்போதும் நிறம் பூசி மூடியிருந்தால் இவற்றை எப்படிக் காண்பது? நகம் பச்சையானாலோ, தசையை விட்டுக் கிளம்பினாலோ, விரல் நுனியில் கடி, வெடிப்பு, கொப்புளம் வந்தாலோ, காரணமின்றிக் கண் இமை வீங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். ஜெல் போடுவதுண்டு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ திகதி குறித்திருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்க விரல் நுனியில்தான் கருவியை மாட்டுவார்கள். பூச்சு அதன் கணிப்பைக் குழப்பலாம். சாதாரணப் பூச்சை ஒரு நொடியில் துடைக்கலாம், ஜெல்லை அவசரத்தில் எடுக்க முடியாது.

இந்தத் தொழில் செய்யும் பிள்ளைகளுக்கு பெறாமகள் ஒன்று சொல்லச் சொன்னாள். மெல்லிய லேற்றெக்ஸ் கையுறையை நம்ப வேண்டாம், ஜெல்லின் பொருள்கள் அதை ஊடுருவிவிடும். நைத்திரைல் கையுறை மேல், ஆனால் அதுவும் சிறிது நேரம்தான். ஜெல் பட்டதும் மாற்ற வேண்டும். தூரிகையையும் போத்தல் வாயையும் வெறுங்கையால் துடைக்கக்கூடாது. அவள் அதைத்தான் மூன்று வருடம் செய்திருக்கிறாள். பயிற்சியில் அவளுக்கு நிறம் பூசச் சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் நகங்களுக்கு வருகிறேன். பாமசியில் நகம் வளரும் மாத்திரை என்று பயோற்றின் காட்டினார்கள். வைத்தியர் வேண்டாம் என்றார். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை, சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது குழப்பவும் கூடும் என்றார். ஆகவே காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் புது நகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னப் படி போலத் தெரிந்தது. தையில் அது அடியில் இருந்தது. பங்குனியில் நடுவில். மாணவி அடிக்கடி எட்டிப் பார்த்து, "ரீச்சர், அரைவாசி வந்திட்டுது" என்பாள். பின்னம் அவளுக்கு நன்றாக விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

2024 வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி மெலிந்த துண்டை வெட்டி எறிந்தேன். அன்று மீன் குழம்புக்குப் பழப்புளி கரைத்தேன். எரியவில்லை. குழம்பில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

பெறாமகளிடம் நான் மன்னிப்புக் கேட்டது முன்பே நடந்துவிட்டது. ஆனால் நான் ஏசியது இரண்டு வாடிக்கையாளர் முன்னிலையில். மன்னிப்பு மட்டும் தனியறையில் கேட்டிருந்தேன். அன்று நிலையத்தில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்கவே சொன்னேன்: "இவள் சொன்னதைக் கேளாமல் என்ர நகத்தை நான்தான் உரிச்சுக் கெடுத்தனான். பிழை இவளில் இல்லை." பெறாமகள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாதாரணக் கியூட்டெக்ஸ் போத்தல் ஒன்றை எடுத்து, "இருங்கோ சின்னம்மா" என்றாள்.

பூசி முடித்ததும் விரல்களை விரித்து ஊதிக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் உரியும். உரியட்டும்.